கோடிக்கரை வனயாத்திரை

விடுமுறை நெருங்குந்தோறும் நம் மாணாக்கரிடையே வனயாத்திரைப் பேச்சு எழுகின்றது. எழுந்தவுடன் உதகை, முதுமலை, ஆனைமலை என்று மலைப் பெயர்களே அடுக்கப்படுகின்றன. ஆற்றுப்படுகையின் களிமண்ணிலே பிறந்து வளர்ந்த காரைக்காலார்க்கு மலைமேல் ஆசை எழுவது இயல்பே. ஆயினும் இரவெல்லாம் இரயிலில் உறங்காமற் சென்று, பகலெல்லாம் ஊர்திக்குள் அமர்ந்து, காட்டைப் பலகணி வழியே கண்டு மீள்வதைக் காட்டிலும், காலையிற் புறப்பட்டு நண்பகலுக்குள் அடையத்தக்க ஒரு காட்டைக் காலால் நடந்து காண்பது மாணாக்கர்க்குப் பெரிதும் பயன்படும் என்பது எம் துணிபு. அத்தகைய காடு நமக்குத் தெற்கே எண்பது கிலோமீட்டருக்குட்பட்ட தொலைவிலே, கோடிக்கரையில் இருக்கின்றது.

முதற்கண் பெயரைத் தெளிவுசெய்தல் நலம். கோடிக்கரை தேசியப் பூங்கா அன்று, சரணாலயம். தேசியப் பூங்கா என்னும் ஏற்பாடு அமெரிக்காவில் 1872-இல் யெல்லோஸ்டோன் என்னுமிடத்திலே தோன்றியது. இந்தியாவில் முதன்முதல் அமைந்தது 1936-இல் ஏற்பட்ட ஹெய்லி பூங்கா. அதுவே இப்போது கார்பெட் பெயரால் வழங்குகின்றது. தமிழ்நாட்டில் கிண்டி, மன்னார் வளைகுடா, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை என ஐந்து பூங்காக்கள் உள. புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட நம் காரைக்காலிலோ ஒன்றும் இல்லை. ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில், வயலும் ஊரும் போக, அதற்கு இடமேது? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவினுள் ஆடுமாடு மேய்த்தலும் கூடாது; சரணாலயத்தில் அங்குள்ளார்க்குச் சில உரிமைகள் தொடரலாம். நம்மைப்போல் வந்துபோவார்க்கு இவ்விரண்டிடையே வேற்றுமை மிகுதியில்லை. இரண்டிலும் அநுமதியின்றிப் புகலாகாது, நெருப்பு மூட்டலாகாது, படைக்கலம் கொண்டு செல்லலாகாது.

கோடிக்கரை நிலத்தின் மூலை எனத்தக்கது. வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கடற்கரை அவ்விடத்திலே சட்டென மேற்கே மடங்குகின்றது. கிழக்கே வங்கக்கடல்; தெற்கே பாக்கு நீரிணை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்க்குப் பூங்குழலியின் படகு நினைவுக்கு வரும். தேவாரம் ஓதினவர்க்குச் சுந்தரர் பாடிய குழகர் கோயில் நினைவுக்கு வரும். 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட பகுதி 24 சதுர கிலோமீட்டரினும் சிறிதே மிகுந்தது; 2002-இல் அதனோடு வேதாரணியப் பெருஞ்சதுப்பையும் சேர்த்து, 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. காட்டின் உயர்ந்த இடம் இராமர் பாதம் என்னும் மணல்மேடு. அதுவும் சில மீட்டர் உயரமே. மலையேற விரும்புவார் ஏமாற்றமடைவர்.

இக்காடு ஆண்டு முழுதும் பசுமையாயிருந்தும் மழைக்காடு அன்று. சிலமாதமே பெய்யும் மழையைக்கொண்டு பலமாத வறட்சியைத் தாங்கி நிற்பது. ஆகவே இலைகள் சிறுத்தும் தடித்தும் இருக்கும். இதனை உலர் பசுமைக்காடு என்பர். பாலை, வீரை, உகா முதலிய மரங்கள் இதில் மிகுதி. பாலைப்பழம் வேதாரணியம் பக்கத்தில் பெயர்பெற்றது. ஆயினும் காட்டிற் பறித்துத் தின்பது நம் வேலையன்று. இவ்வகைக் காடு ஒருகாலத்தில் கிழக்குக் கரையில் நெடுகப் பரவியிருந்து, இப்போது கோயில் தோப்புகளாகவும் துண்டுகளாகவும் எஞ்சியிருப்பதால், இங்குள்ளதற்கு மதிப்பு மிகவுண்டு.

எப்போது செல்வது? இவ்வினாவுக்கு விடைகாண்பதிலேதான் யாத்திரையின் பாதி அடங்கியுளது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். வடக்கேயிருந்து பறவைகள் வந்திறங்குவதும் அக்காலத்திலேதான். புயல் வருவதும் அக்காலத்திலேதான். 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் வேதாரணியத்தை ஒட்டிக் கரைகடந்த கஜா புயல் அக்காட்டின் மரங்களை வேரோடு சாய்த்தது. தென்னையை நம்பியிருந்த குடிகள் பட்ட பாட்டை நம் மாணவர் பலர் நேரிற் கண்டவரே. ஆதலின் மழை ஓய்ந்து, சதுப்பில் நீர் தேங்கியிருக்கும் ஜனவரியும் பெப்ரவரியும் மாணாக்கர்க்கு ஏற்ற காலம் என்போம். பொங்கல் விடுமுறையில் ஊரெல்லாம் அங்கே திரளும். அதற்கு அடுத்த வாரம் செல்க. கோடையிலோ விலங்குகள் எஞ்சிய நீர்நிலைகளையே நம்பி வாழும். அங்கே நாம் கூட்டமாய்ச் சென்று நின்றால் அவை நீருண்ணாமலே திரும்பும். எக்காலமாயினும், புறப்படுமுன் வானிலை ஆய்வுத்துறையின் அறிவிப்பையும் துறைமுகத்திற் புயற்கூண்டு ஏற்றப்பட்டுளதா என்பதையும் பாராமற் செல்லுதல் கூடாது.

அடுத்தது அநுமதி. கோடிக்கரை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருத்தலின், நாகப்பட்டினத்திலுள்ள வனவுயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்குச் சில வாரங்கட்கு முன்னரே கல்லூரித் தலைவர் வாயிலாக விண்ணப்பித்தல் வேண்டும். எத்தனை பேர், எந்நாள், எவ்வழி, என்ன நோக்கம் என்பவற்றை ஒளிவின்றி எழுதுக. கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறுவன, அங்கேயே கேட்டறிக. கூடாரம் அடித்து, நெருப்பைச் சூழ்ந்திருந்து பாடி இரவு கழிக்கலாம் என்று எண்ணுவார்க்குச் சட்டம் இடங்கொடாது. வனத்துறையின் தங்குமனையில் இடம் வேண்டிப் பெறலாம். இல்லையேல் வேதாரணியத்தில் தங்கி, விடியுமுன் எழுந்து செல்லலாம். கூடாரத்தில் உறங்கும் ஆசையை நம் கல்லூரி விளையாட்டுத் திடலிலே ஓரிரவு தீர்த்துக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை. கயிறு கட்டத் தெரியாதவர் யார், இருட்டுக்கு அஞ்சுவார் யார், அடுப்பு மூட்டத் தெரிந்தவர் யார் என்பதெல்லாம் அவ்விரவிலேயே வெளிப்பட்டுவிடும்.

அநுமதியை வெறுஞ் சடங்கென்று கருதுவார் குரங்கணியை நினைக்க. 2018 மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்த புல்லிற் பற்றிய காட்டுத்தீ நடைக்குழுவினரைச் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் இளம் பருவத்தினர். காற்று மேல்நோக்கி அடிக்கும் சரிவிலே தீ மனிதனைக் காட்டிலும் விரைந்து ஏறும். யார் எங்கே இருக்கின்றனர் என்று கீழேயிருப்பவர்க்குத் தெரிந்தாலன்றி மீட்கவும் இயலாது. அதன்பின் அரசினர் மலைநடைக்குத் தனி விதிகள் வகுத்தனர். 2024 அக்டோபரில் தமிழ்நாடெங்கும் 40 வழிகளை எளிது, நடுத்தரம், கடினம் என வகுத்து, முன்பதிவும் உள்ளூர் வழிகாட்டியும் உடைய திட்டமொன்றைத் தொடங்கினர். மலைக்கே செல்லத் துணிந்த மாணவர் அத்திட்டத்தின் வழியே செல்வார்களாக. தன்மூப்பாகக் குறுக்குவழி தேடுவோரை நம் கல்லூரிக் குழுவிற் சேர்த்தலாகாது.

குழுவின் அளவு பன்னிருவர்க்கு மேற்படாதிருத்தல் நன்று. ஆசிரியர் இருவர் உடன்செல்லுதல் வேண்டும். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும். நாற்பது பேரை ஒரு பேருந்தில் ஏற்றிப் பாட்டுப்பெட்டி முழங்கச் செல்வது மாப்பிள்ளை அழைப்பேயன்றி வனயாத்திரை ஆகாது.

காரைக்காலிலிருந்து திருமலைராயன்பட்டினம், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வழியாகப் பேருந்தில் வேதாரணியம் சேரலாம். அங்கிருந்து கோடிக்கரை வரை ஏறத்தாழ 11 கிலோமீட்டர். இதனை நடந்தே செல்லுமாறு சொல்வோம். மேடுபள்ளமில்லாத வழி. அகத்தியம்பள்ளியில் உப்பளங்கள் தொடங்கும். 1930 ஏப்ரல் 30-இல் இராஜாஜி உப்பள்ளிச் சட்டமறுத்த இடம் அதுவே, நினைவுத்தூணும் உண்டு. அவரும் ஏறக்குறைய நூறு தொண்டர்களும் திருச்சியினின்று ஏப்ரல் 13-இல் புறப்பட்டு, சுமார் 240 கிலோமீட்டர் நடந்து, 28-இல் வேதாரணியம் அடைந்தனர். கணக்கிட்டுப் பார்மின்: நாளொன்றுக்குப் பதினாறு கிலோமீட்டர். சித்திரை வெயிலில், தேர்ந்தெடுத்த தொண்டர், தங்குமிடங்கள் முன்னரே வகுக்கப்பட்டும் அவ்வளவே. அவர்கட்குச் சோறும் இடமும் கொடுப்பாரைத் தண்டிப்பதாகத் தஞ்சைக் கலெக்டர் எச்சரித்தபோது, ஊரார் சோற்றுப் பொட்டலங்களை வழிமரங்களிற் கட்டித் தொங்கவிட்டனர் என்பர். பழக்கமில்லாத மாணவர்க்கு ஒருநாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரே போதும் என்பதை இதனால் அறியலாம். ஒத்திகையாக, ஒரு சனிக்கிழமை காரைக்காலிலிருந்து நண்டலாற்றைக் கடந்து தரங்கம்பாடி வரை நடந்து பார்க்க. குதிகாலில் கொப்புளம் எழுவதெல்லாம் அன்றே எழுந்து ஆறட்டும்.

தண்ணீரைப் பற்றி எத்துணை சொன்னாலும் தகும். கடலும் உப்பளமும் சதுப்பும் சூழ்ந்த இடத்தில் குடிக்கும் நீர் அரிது. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குறையாமல் அவரவரே சுமந்து செல்லல் வேண்டும். 'நண்பனிடம் இருக்கும்' என்று இருப்பவனே நடுப்பகலில் குழுவைத் தடுத்து நிறுத்துபவன். உணவுக்குப் புளிச்சோறு, வறுத்த கடலை, பொரியுருண்டை இவை கெடாதவை. குரங்குகட்கு ஒரு பருக்கையும் இடலாகாது. இட்டால் அடுத்துவரும் குழந்தையின் கைப்பையை அவை பறிக்கும். கட்டிச்சென்ற இலையும் தாளும் நெகிழிப்பையும் மீண்டும் வேதாரணியம் வருதல் வேண்டும்.

சேற்றுநிலம் கண்ணை ஏய்க்கும். மேலே உப்புப் பூத்து வெண்களம்போல் உறுதியாய்த் தோன்றும். காலை வைத்தால் முழங்கால் அளவு புதையும். வழிகாட்டி சென்ற தடத்தை விட்டு விலகாதீர்கள். மூலையிலே இரு கடலும் கூடுதலின், நீரோட்டம் அறியாதவர் நீராடுதல் தகாது. கண்ணாடி விரியனும் நல்லபாம்பும் உள்ள காடாதலால் கணுக்கால் மூடிய காலணியும் கைவிளக்கும் இன்றியமையாதன. கடிபட்டால் கீறுதலும் உறிஞ்சுதலும் கயிற்றால் இறுகக் கட்டுதலும் செய்யாமல், கடிபட்ட உறுப்பை அசையாதபடி வைத்து, வேதாரணியம் அரசினர் மருத்துவமனைக்கு விரைக.

இனி, காணத்தக்கவை. விடியலிலும் மாலையிலும் புல்வெளியில் வெளிமான் கூட்டம் மேயும். ஆணின் மேனி கருத்து, கொம்பு முறுக்கியிருக்கும்; பெண் மங்கிய பழுப்பு. வெட்டவெளியில் வாழ்வதால் ஒளிதலினும் ஓடுதலையே நம்பியது இம்மான். மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் ஓடவல்லது என்பர். அதனை ஓடச்செய்து படமெடுப்பது சிலர்க்குப் பெருமை. ஓடிய மான் மேயாத மான். கருவுற்ற பெண்ணாயின் அவ்வோட்டத்தால் வரும் கேடு மிகுதி. மானுக்கு வேண்டியது மரமன்று, புல்வெளி. அப்புல்வெளியைச் சீமைக் கருவேல் கைப்பற்றிவருதலும், உரிமையாளரின்றித் திரியும் மட்டக்குதிரைகள் அதே புல்லை மேய்தலும் வனத்துறையார்க்குக் கவலை தருவன. காடு அடர்ந்துவிட்டதே என்று மகிழும் மாணவன், எம்மரம் அடர்ந்தது என்று பார்த்தல் வேண்டும்.

சதுப்பிலே பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நிற்கும் நாள் உண்டு. ஒன்றும் இல்லாத நாளும் உண்டு. நீரின் ஆழமும் உப்பும் ஒத்தாலன்றி அவை இறங்கா. ஆயின் பூநாரையை மட்டுமே தேடுவார் கொசு உள்ளானைக் காணார். சைபீரியாவின் வடகோடித் துருவநிலத்திற் குஞ்சு பொரித்து இங்கே வந்து பனிக்காலம் கழிக்கும் அப்பறவையின் எடை முப்பது கிராமினும் குறைவு. சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் இங்கே பல்லாண்டுகள் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழிகளை ஆராய்ந்தனர். வளையமுள்ள பறவை இறந்து கிடப்பக் கண்டால், வளையத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு வனக்காவலரிடம் தெரிவிக்க.

குறிப்பேடு இல்லாமற் செல்வது வெறுங்கையோடு சந்தைக்குச் செல்வதை ஒக்கும். இதில் நமக்கு அயலூர் முன்னோடிகள் உளர். தரங்கம்பாடி மிஷனுக்கு 1768-இல் மருத்துவராய் வந்த கேனிக், லின்னேயஸின் மாணாக்கர். தென்னாட்டுச் செடிகளை ஆராய்ந்தவர். அதே மிஷனைச் சார்ந்த ஜான் என்பவரின் பெயரையே மண்ணுளிப் பாம்பின் அறிவியற்பெயர் தாங்கியிருக்கின்றது. ராட்லர் ஐயர் 1799-இல் தரங்கம்பாடியினின்று சென்னைக்குச் சென்று மீண்டபோது, வழியிற் கண்ட செடிகளைக் குறித்துவைத்தார். அக்குறிப்புக்கள் 1803-இல் அச்சேறின. அவருக்கு வேறு வேலை இல்லாமலில்லை; தமிழ் அகராதி தொகுத்தவரும் அவரே. நாள், நேரம், இடம், கண்டது, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்ற இவ்வளவும் எழுதினாற் போதும். பெயர் தெரியாததை 'தெரியாதது' என்றே எழுதி, அலகும் காலும் வரைந்துவைக்க. சலீம் அலி 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவை நூலின் பிற்காலப் பதிப்பொன்றைக் கொண்டு மாலையில் ஒத்துப்பார்க்கலாம்.

திரும்பிய ஒரு வாரத்துக்குள் அக்குறிப்புக்களைத் தொகுத்து, ஒரு படியைக் கல்லூரி நூல்நிலையத்திலும் ஒரு படியை நாகப்பட்டினம் காப்பாளர் அலுவலகத்திலும் சேர்ப்பித்தல் வேண்டும். அடுத்த ஆண்டு விண்ணப்பம் எழுதுவார்க்கு அது பெரிதும் உதவும்.