தேயிலைத் தோட்ட லைன் வீடு

லைன் வீடு என்பது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்படும் சிறு குடியிருப்பு ஆகும். இலங்கை மலையகத்தில் இது லயம் எனப்படும். நீலகிரி மாவட்டம், பந்தலூர் வட்டத்திலுள்ள சேரம்பாடியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் (டான்டீ) தொழிலாளர் குடியிருப்புகள் உள்ளன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோர் பலருக்கு இக்கழகம் வேலை அளித்தது.

அமைப்பு

பழைய லய அறை ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. சமையல், உறக்கம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்குள்தான். பகலில் பாயைச் சுருட்டி வைத்தால் படுக்கும் இடமே உட்காரும் இடமாகும். மழைக்காலத்தில் வெளியே விறகு காயாது. ஆகவே அடுப்புக்கு மேலுள்ள பரணில் அடுக்கினால் சூட்டில் காயும். ஆனால் புகை வெளியேற வழியில்லாவிடில் உறங்கும் இடமும் புகையால் நிறையும். எனவே சமையலறையைத் தடுத்து, புகைபோக்கி வைப்பதே முதல் தேவை.

சட்டமும் உரிமையும்

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு வழங்குவதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. வீடு இடிந்து உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. எனினும் வீடு தோட்டத்துக்கே சொந்தம். ஓய்வு பெற்றவர், குடும்பத்தில் வேறு எவரும் அங்கு பணியில் இல்லாவிடில், அதைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. வாழ்நாள் முழுதும் உழைத்தவரின் முதுமைக்கு இதுவே பெருங்கவலை.