உங்களுக்குத் தெரியுமா? மண்டபம் ‘கேம்ப்’ ஆன கதை

ராமேஸ்வரம் தீவுக்குச் செல்லும் வழியில் உள்ள ‘மண்டபம் கேம்ப்’ என்ற இடத்தின் பெயர் நோய்த்தடுப்பு முகாமால் வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழகத் தொழிலாளர்களை அன்றைய இலங்கை அரசு இங்கே சில நாட்கள் தடுத்து வைத்துச் சோதித்தது. துணிமணிகளைக் கிருமிநீக்கம் செய்து, பெரியம்மைத் தடுப்பூசி போட்ட பிறகே தனுஷ்கோடியில் கப்பலேற்றினார்கள். ஏழைகளுக்கு அது கசப்பான வாசல்தான்.

பெரியம்மையும் கொரோனாவைப் போலவே மூச்சு, இருமல் வழியாகத் தொற்றும் வைரஸ். அறிகுறி தெரிய நாட்கள் பிடிப்பதால்தான் விலகியிருக்க வேண்டியிருக்கிறது; 2020இல் கொரோனாவுக்கு அது 14 நாட்கள். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. கொரோனா ஒழியவில்லை. இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் வீட்டிலேயே இருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பஸ் ஏறியே ஆகவேண்டுமென்றால் மூக்கையும் மூடும்படி முகக்கவசம் அணியுங்கள்.