படமும் வண்ண வரம்பும்

சொல்லுக்கு இலக்கணம் வரம்பாதல் போல, ஒளிப்படத்தின் நிறத்திற்கும் ஒரு வரம்பு வேண்டும். அதனை உரைப்பதே ‘கலர் புரொபைல்’ எனப்படும் வண்ணக்குறிப்பு.

கணினியில் நிறம் என்பது எண்ணே. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றும் பொதுவாக 0 முதல் 255 வரையுள்ள எண்களால் குறிக்கப்பெறும். ஆயின் ‘பச்சை 200’ என்பது எத்துணைப் பச்சை? எண் அதனைத் தானே உரையாது, வண்ணக்குறிப்பே உரைக்கும். இன்று பெருவழக்காயுள்ள எஸ்ஆர்ஜிபி, 1996-இல் ஹியூலெட் பேக்கார்டு, மைக்ரோசாப்ட் நிறுவனங்களால் முன்மொழியப்பெற்று, 1999-இல் அனைத்துலக நியமமாயிற்று. 1998-இல் தோன்றிய அடோபி ஆர்ஜிபி அதனினும் அகன்றது. சிறப்பாகப் பச்சைப் பகுதியில் விரிவு மிக்கது.

அகன்றதே சிறந்தது எனக் கருதுதல் இயல்பு. ஆயினும் படங்களை உரிமமளித்து விற்கும் தளங்கள் பலவற்றுக்கு அக்கருத்துப் பொருந்தாது. இதற்கு மீரியபெத்தவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டத்தில், 2014 அக்டோபர் 29-ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பசுமைக்கு நடுவே கிடந்த செம்பழுப்பு மண்ணே அவ்வழிவின் சான்று. அத்தகைய காட்சியை அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால் நேர்வது யாது? வண்ணக்குறிப்பைப் படியாத மென்பொருள், அவ்வெண்களை எஸ்ஆர்ஜிபி எண்களாகவே கொள்ளும். பச்சை சோர்வுறும்; மண் மங்கும்; இரண்டின் வேறுபாடும் குறையும். மலையின் காயத்தைக் காணாதவர்க்குக் காட்ட வேண்டிய படம், தன் சான்றின் வலிமையை இழக்கும். ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் முதலிய தளங்கள் எஸ்ஆர்ஜிபியை வேண்டுதற்குக் காரணம் இதனால் விளங்கும்.

இங்கு ஒரு நுட்பம் உளது. வண்ணக்குறிப்பை ‘மாற்றுதல்’ வேறு; ‘சூட்டுதல்’ வேறு. மாற்றும்போது, நிறம் இயன்றவரை மாறாதிருக்குமாறு எண்கள் மாறும். சூட்டும்போது எண்கள் நிற்க, நிறம் மாறிவிடும். முன்னையது மொழிபெயர்ப்பு, பின்னையது பிறமொழி நூலுக்குத் தமிழ்ப் பெயர் மட்டும் இடுதல். எனவே மூலப்படத்தை ‘ரா’ கோப்பாகவோ அகன்ற வரம்பிலோ பேணிவைத்து, அனுப்பும் படியை மட்டும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, அக்குறிப்பைக் கோப்பினுள் பதித்து அனுப்புதலே முறை. அச்சுக்குரிய சிஎம்ஒய்கே இத்தளங்களுக்கு ஏற்றதன்று.

செய்திப் படத்தில் காட்சியைத் திரித்தல் தகாது என்பதைப் பலரும் அறிவர். திரிக்கும் கருத்தின்றியும் நிறம் திரியக்கூடும் என்பதை அறிந்து காத்தலும் அவ்வறத்தின் பாற்பட்டதேயாம்.