கறுப்புத் துகள்

வால்பாறைப் பக்கம் போனவர்களுக்குச் சின்கோனா என்ற ஊர் தெரிந்திருக்கும். இன்று அங்கே எங்கு பார்த்தாலும் தேயிலை. ஊருக்குப் பெயரைக் கொடுத்த மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் கசப்புப் பட்டையிலிருந்துதான் கொய்னா எடுத்தார்கள். மலேரியாவுக்கு வேறு மருந்தில்லாத காலத்தில் ஆனைமலையிலும் நீலகிரியிலும் அரசாங்கமே அதைத் தோட்டம் போட்டு வளர்த்தது.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சீகூர் மலைப்பாதைக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. 1897 கோடையில் மலேரியாவை ஆராய அங்கே போன ராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ், அந்தக் காய்ச்சலிலேயே படுத்துவிட்டார். பிழைத்து செகந்திராபாத் திரும்பியவர், கடிக்கு ஓர் அணா கூலி பேசி ஒரு நோயாளியைக் கொசுக்களிடம் கடிவாங்க வைத்தார். ஆகஸ்ட் 20 அன்று, சிறகில் புள்ளியுள்ள அந்தக் கொசு ஒன்றை அறுத்துப் பார்த்தால், வயிற்றுச் சுவரில் சில உருண்டைகள். அவற்றுக்குள் கறுப்புத் துகள்கள். மலேரியா ரத்தத்தில் அவர் பார்த்துப் பழகிய அதே துகள். கிருமி கொசுவுக்குள் வளர்கிறது என்று காட்டிக்கொடுத்தது அதுதான்.

அது கிருமியின் குப்பை. நம் சிவப்பணுவுக்குள் குடியேறும் கிருமி, அங்குள்ள ஹீமோகுளோபினைத் தின்கிறது. மிஞ்சுவது ஹீம் என்ற இரும்புச் சரக்கு, கிருமிக்கே விஷம். திருப்பூர் சாயப்பட்டறைகளில் கழிவுநீரைக் காய்ச்சி உப்பாக்குகிறார்களே, கிட்டத்தட்ட அப்படித்தான், கிருமியும் ஹீமைக் கறுப்புப் படிகமாக்கி ஒதுக்கிவைக்கிறது. கொய்னாவுக்குப் பின் வந்த குளோரோகுயின் மாத்திரை இந்த வேலையைத்தான் தடுக்கிறது. விஷம் தேங்கும், கிருமி சாகும்.

இந்தச் சுலபமான வைத்தியத்துக்கு வந்தது கேடு. பால்சிபாரம் வகைக் கிருமி மருந்துக்கு அடங்க மறுத்தது. காரணமான மரபணு 2000ஆம் ஆண்டு பிடிபட்டது. 2002இல் கிருமியின் மொத்த மரபணுத் தொகுப்பும் வெளியானது: 14 குரோமோசோம்கள், சுமார் 2.3 கோடி எழுத்துகள், ஏறக்குறைய 5,300 மரபணுக்கள். குற்றவாளி இருந்தது ஏழாவது குரோமோசோமில். கிருமியின் இரைப்பைச் சுவரில் வாசல்போல நிற்கும் புரதத்தை உண்டாக்கும் மரபணு அது. அந்தப் புரதத்தின் 424 அமினோ அமிலங்களில் 76ஆவதை மாற்ற ஓர் எழுத்துப் பிழை போதும்: ஏஏஏ என்பது ஏசிஏ ஆகிறது. லைசின் இருந்த இடத்தில் திரியோனின் உட்காருகிறது. உள்ளே வந்த மருந்து வாசல் வழியே வெளியேறிவிடுகிறது. கூடவே வேறு சில எழுத்துகளும் மாறியிருக்கும். ஆனால் ஆளைக் காட்டும் மச்சம் இந்த 76தான்.

இந்த மச்சம் தெரிந்ததன் லாபம் நடைமுறையில் பெரிது. வடிதாளில் உலரவைத்த ஒரு சொட்டு ரத்தம் இருந்தால் போதும், எந்த ஊரில் எந்த மருந்து பலிக்கும் என்று சொல்லிவிடலாம். ஆப்பிரிக்காவின் மலாவி நாடு 1993இல் குளோரோகுயினைக் கைவிட்டது. சில ஆண்டுகளில் அந்தப் பிழையுள்ள கிருமிகளே அங்கு அருகிப்போயின. மருந்து இல்லாத இடத்தில் மாறிப்போன அந்த வாசல் கிருமிக்கே பாரமாம்! நம் நாட்டில் பால்சிபாரத்துக்கு இப்போது ஆர்டிமிசினின் கலந்த கூட்டு மருந்து தருகிறார்கள்.

தமிழ்நாட்டில் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் வகைக்கு இன்னும் பழைய குளோரோகுயின்தான். ஆனால் வைவாக்ஸ் ஒரு கள்ளன். ஒரு பகுதி கல்லீரலில் பதுங்கித் தூங்கும். அங்கே தின்ன ஹீமோகுளோபின் கிடையாது. ஆகவே கறுப்புத் துகளும் கிடையாது, குளோரோகுயினுக்கு வேலையும் கிடையாது. அதற்காகத்தான் பிரைமாகுயினை 14 நாள் எழுதித் தருகிறார்கள். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது, கர்ப்பிணிகளுக்குக் கூடாது. எனவே டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். நம்மில் பலர் மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும், "அதான் சரியாயிருச்சுங்களே" என்று மாத்திரைப் பட்டையைத் தூக்கி அலமாரியில் போட்டுவிடுகிறோம். அடுத்த சில மாதங்களில் குளிரும் நடுக்கமும் திரும்பிவந்தால், புதிதாகக் கொசு எதுவும் கடித்திருக்க வேண்டியதில்லை. பதினான்கு நாளும் சாப்பிடுங்கள்.