பழைய ஜீப்புக்கு முன்னால் சாயும் பானட்: போடலாமா?

நாமக்கல் பட்டறைகளில் புது லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். பம்ப் அடித்தால் கேபின் முழுதும் முன்னால் சாய்ந்து எஞ்சின் வெளியே தெரியும். நம் வீட்டில் நிற்கும் பழைய மகிந்திரா ஜீப் பிக்கப்பின் பானட்டையும் (எஞ்சின் மூடி) அப்படிச் சாய வைக்க முடியாதா?

முடியும். இப்போது பானட்டின் கீல் முன்கண்ணாடியை ஒட்டி இருக்கிறது. அதைக் கிரில் (முகப்புத் தடுப்பு) பக்கம் மாற்ற வேண்டும்.

என்ன லாபம்? ஓடும்போது லாக் விட்டுப்போனால் இப்போதைய பானட் காற்றில் எழும்பிக் கண்ணாடியில் அடிக்கும். கீல் முன்னால் இருந்தால் காற்றே அதை அமுக்கிப் பிடிக்கும். சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு இது நிம்மதிதான். ஆனால் ரேடியேட்டர், ஃபேன் பெல்ட் வேலைக்கு முன்னால் நின்று கையை விட முடியாது, பானட் மறிக்கும்.

மட்கார்டும் கிரிலும் சேர்ந்து சாய்ந்தால் இன்னும் நன்றாக இருக்காதா? பார்க்க அழகு. செலவும் தலைவலியும் அங்கேதான். பல ஜீப்புகளில் ரேடியேட்டர் கிரிலோடு போல்ட் போட்டு நிற்கிறது. கிரில் சாய்ந்தால் ரேடியேட்டரும் ஹோஸும் கூடவே இழுபடும். அதனால் ரேடியேட்டருக்குச் சேஸிஸில் (அடிச்சட்டம்) தனித் தாங்கி அடிக்க வேண்டும். ஹெட்லைட்டும் கிரிலில்தான், வயரை நீட்டி, கழற்றி மாட்டும் கப்ளர் வைக்க வேண்டும். மட்கார்டில் ஹார்ன், பேட்டரி மாட்டியிருந்தால் அவற்றுக்கும் வேறு இடம். மட்கார்டுகள் முகப்பை ஆடாமல் பிடித்திருந்தன. அவற்றை விடுவித்த பிறகு கண்ணாடிப் பக்கம் ரப்பர் கட்டையும் இரண்டு பக்கமும் பலமான லாக்கும் இல்லையென்றால் மேடுபள்ளத்தில் எல்லாம் தடதடக்கும். என்னைக் கேட்டால், பானட் மட்டும் போதும்.

பட்டறையில் எதைக் கவனிக்க வேண்டும்? வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். கீலை முதலில் தற்காலிகமாகப் பிடித்து, பானட்டைச் சாய்த்து, முனை பம்பரிலோ கிரிலிலோ இடிக்கிறதா பாருங்கள். பெயின்ட் அதற்குப் பிறகுதான். காஸ் ஷாக் (பானட்டைத் தூக்கி நிறுத்தும் குழாய்) பழசானால் தளரும். அதை மட்டும் நம்பாமல் ஒரு இரும்பு ஸ்டே ராடும் (முட்டுக் கம்பி) வையுங்கள்.

ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. (பதிவுச் சான்று) மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். பானட் கீல் ஆர்.சி.யில் வராது, சேஸிஸில் வெட்டி ஒட்டுவது வேறு கதை. பட்டறைக்குப் போகுமுன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வண்டிக்கு 50 வயது ஆகப்போகிறதா? அப்படியானால் பொறுங்கள். 2021-இல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அத்தகைய ஜீப்பில் பழைய கீலையே எண்ணெய் விட்டு வைத்துக்கொள்ளுங்கள்.