ஏமாறுதலும் ஏமாற்றுதலும்

ஏமாறு என்பது தன்வினை; ஏமாற்று என்பது பிறவினை. ஏறு ஏற்று, தேறு தேற்று என்பனபோல றகரம் இரட்டித்துச் செயலைப் பிறர்மேல் ஏற்றும் முறை இது. வழக்கில் 'ஏமாறினான்' என்பதினும் 'ஏமாந்தான்' என்பதே மிகுதி.

இச்சொல்லின் பரப்பு பெரிது. 'மழை ஏமாற்றிவிட்டது' என்று மாணவன் எழுதினால் தமிழில் பிழையில்லை. அதனையே மலாயில் 'திப்பு' என்னும் சொல்லால் பெயர்த்தானாயின் ஆசிரியர் நகைப்பார். அங்கே 'கெச்சேவா' என்பதே பொருந்தும். எதிர்பார்த்தது கிட்டாமையும், பிறர் சூழ்ச்சியிற் சிக்குதலும் மலாயில் இரு சொற்கள். தமிழில் ஒரு சொல்லே இரண்டையும் சுமக்கிறது. எனினும் 'ஏமாற்றம்' என்ற பெயர் இன்று பெரும்பாலும் முன்னதையே குறிக்கும். வரி ஏய்ப்பு என்கிறோம். வரி ஏமாற்றம் என்பதில்லை.

வஞ்சித்தல் வடசொல் வழிவந்தது. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தை வஞ்சனையோடு சேர்த்து எண்ணும் மாணவர் உளர். அது சேரர் தலைநகரின் பெயர். வஞ்சத்துக்குக் குற்றமில்லாத இடம் அணியிலக்கணத்தில் மட்டுமே உண்டு, அதுவே வஞ்சப்புகழ்ச்சி.

ஏமாற்றுக்காரனை 'நானூற்றிருபது' என்பதும் உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்துப் பிரிவு எண் அது. 2024 சூலை முதல் நாள் அங்குப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அக்குற்றம் 318ஆம் பிரிவுக்குச் சென்றுவிட்டது. மலேசியத் தண்டனைச் சட்டத்திலோ 420 இன்றும் 420தான். ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. வசைச்சொல் பிறந்த வீட்டில் பொருளிழந்து புகுந்த வீட்டில் வாழ்கிறது!

கம்போங் மேடானிலோ கிள்ளானிலோ தொலைபேசி மோசடியில் பணமிழந்தவர், 'ஏமாந்துவிட்டேன்' என்றே சொல்வார். அவ்வாக்கியத்தில் குற்றவாளி இல்லை. இழந்தவர் மட்டுமே நிற்கிறார், அதுவும் தம்மைத் தாமே நொந்துகொண்டு. 415ஆம் பிரிவு கேட்பது வேறு: ஒருவர் மற்றவரை ஏமாற்றி, அதனால் பொருளைக் கொடுக்கத் தூண்டினாரா என்பதே. ஆகவே போலீஸ் புகாருக்கு எழுதித் தருவோர், 'இன்னார் இன்னது கூறி என்னை ஏமாற்றினார்; அதை நம்பி இவ்வளவு பணம் அனுப்பினேன்' என்று பிறவினையால் எழுதுதல் வேண்டும். பெயர் தெரியாதெனில், 'இந்த எண்ணிலிருந்து பேசியவர்' என்பதை எழுவாயாக வைக்கலாம்.