வெனிஸ்: சக்கரமில்லா நகரில் விடுமுறை

நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளைப் பாலங்களால் இணைத்து எழுந்த வெனிஸ் நகரின் பழைய பகுதியில் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை என்பதால், படிகள் நிறைந்த பாலங்களில் பெட்டியைத் தாமே தூக்கிச் செல்ல வேண்டிய பயணிகள் சுமையைக் குறைத்துக்கொள்வது நல்லது. காலையில் வந்து மாலையில் திரும்புவோரிடம் 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. அக்கூட்டம் கலைந்த பின்னரே ஊர் தன் இயல்புக்கு வருவதால், செலவு சற்றுக் கூடினாலும் ஓரிரவு தங்குவதே தகும். கொண்டோலா எனப்படும் துடுப்புப் படகில் உல்லாசமாகச் சுற்றுவதற்குக் கட்டணம் மிக அதிகம் (பேரம் பேசிப் பெரும்பயன் இராது). ஆனால் பெருங்கால்வாயின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மக்களை ஏற்றிச்செல்லும் டிராகெட்டோ என்ற பொதுப்படகு, ஏறக்குறைய அதே அனுபவத்தைச் சில யூரோக்களுக்கே தந்துவிடுகிறது. இலையுதிர், குளிர்காலங்களில் கடல்மட்டம் உயர்ந்து தெருக்களில் நீர் புகும் ‘ஆக்வா ஆல்டா’வை 2020 முதல் இயங்கும் மோசே தடுப்புக் கதவுகள் பெரிதும் மட்டுப்படுத்தியுள்ளன.